நாற்பது ஆம்பியர்

முள் ஏறக் காத்திருந்தார்கள். சுவரில் இருந்த வோல்ட் மீட்டரின் முள் முந்நூற்றுப் பத்தில் படுத்துவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. முந்நூற்று ஐம்பதையாவது தொட்டால்தான் இரும்புத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா கட்டரை ஓட்டலாம். அதற்குக் கீழே ஓட்டினால் பாதித் தகட்டில் சுடர் அணைந்துவிடும். தகடும் பாழ், முனையும் பாழ். எர்மெக் ஒரு கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெட்டு மேசையில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். பக்கத்தில் புருல் கதவுச் சட்டங்களுக்குச் செம்பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்கு மின்சாரம் தேவையில்லை, தூரிகை போதும். குளிரில் பூச்சு கெட்டியாகித் தூரிகையோடு இழுபட்டு வந்தது.

தோக்மோக் ஊரின் விளிம்பில் இருந்த அந்த இடம் ஒரு காலத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் ஆலை. இப்போது தடுப்புச் சுவர் எழுப்பிப் பட்டறை பட்டறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். தச்சுப் பட்டறை, டயர்ப் பட்டறை, கடைசியில் ஒரோஸ்பெக்கின் இரும்புக் கதவுப் பட்டறை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிரான்ஸ்பார்மர். பனி விழத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு பட்டறையிலும் குளிர்காய ஓர் 'ஆடு' கட்டிவிடுவார்கள். கல்நார்க் குழாயில் கம்பிச் சுருளைச் சுற்றி, நான்கு இரும்புக் கால்களில் நிறுத்தி, வயரைச் சொருகினால் அதுதான் ஆடு. கடையில் கிடைக்காது, அவரவர் செய்துகொள்வது. நாள் முழுக்கச் சிவக்கச் சிவக்க எரிந்து மின்சாரத்தை மேயும். புருலின் காலடியில் இருந்த ஆட்டை எர்மெக்தான் செய்துகொடுத்தான்.

"அக்கா, உன் ஆட்டைக் கொஞ்ச நேரம் அவுத்து விடேன். முள்ளு எந்திரிக்குதான்னு பாப்போம்" என்றான்.

"டயர்க்காரன் ரெண்டு ஆடு கட்டிருக்கான். அங்க போய்க் கேக்க வாய் வராது. எளைச்சவ ஆடுதான் உன் கண்ணுக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டே அவள் வயரைப் பிடுங்கினாள். முள் லேசாகத் துடித்தது, மறுபடி படுத்துக்கொண்டது. எர்மெக் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி கண்களைப் பிதுக்கி, பல்லைக் கடித்து, உடம்பு விறைத்து நின்றான். ஷாக் அடித்தவனைப் போல நடிப்பது அவன் வழக்கம். முதல் தடவை புருல் அலறியடித்து ஓடினாள். அப்புறம் பழகிவிட்டது. இப்போது தூரிகையை நீட்டி அவன் மூக்கில் ஒரு செம்புள்ளி வைத்தாள்.

அந்த வெட்டு இயந்திரம் இலையுதிர் காலத்தில் வந்தது. பிஷ்கெக்கில் யாரோ ஓட்டிச் சலித்த சரக்கு. ஆனால் விற்றவன் ஒளிவு மறைவில்லாமல்தான் சொன்னான். பின்பக்கத் தகட்டிலும் அதுவே பொறித்திருந்தது: மூன்று ஃபேஸ், முந்நூற்று எண்பது வோல்ட், ஒவ்வொரு ஃபேஸிலும் நாற்பது ஆம்பியர். அதற்கென்று தனி லைன் வேண்டும், தாமிரக் கேபிள் வேண்டும், தரையில் கம்பி அடித்துத் தனி எர்த் வேண்டும். கம்ப்ரசருக்கு வேண்டியது இது போக. ஒரோஸ்பெக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பட்டறைக்கு வந்துகொண்டிருந்ததோ டிராக்டர் காலத்து அலுமினியக் கம்பி. அதன் ஃபியூஸ் இருபத்தைந்து ஆம்பியருக்கு மேல் தாங்காது.

இயந்திரம் இறங்கிய அன்று முற்றத்தில் ஒரு கொழுத்த செம்மறியை அறுத்தார். ஆலை முழுக்கச் சாப்பிட்டது. பெரியவர்கள் உள்ளங்கைகளை விரித்து, இந்த இரும்பு நிறையச் சோறு போடட்டும் என்று வாழ்த்தி, முகத்தைத் தடவிக்கொண்டார்கள். இரும்புக்கு யார் சோறு போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து புதிய லைன் இழுக்க முற்றம் முழுவதையும் தோண்ட வேண்டும், மின் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வசந்தம் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒரோஸ்பெக். எர்த் கம்பிக்குப் பதிலாக இயந்திரத்தின் உடம்பை, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஆலையில் எல்லா இயந்திரமும் அப்படித்தான். தாமிரக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினால் முடிந்தது வேலை.

தகடு கொஞ்சம் தடிமனாக இருந்தால் போதும், ஃபியூஸ் போய்விடும். ஒரு பெரிய வீட்டு வாயிற்கதவு வேலை வந்த பிறகு இந்தத் தொல்லை தலைக்கு மேல் போனது. கதவு முழுக்க ஆட்டுக்கொம்புச் சுருள் வெட்ட வேண்டும், அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மாட்டியாக வேண்டும். ஒரோஸ்பெக் மூன்றாவது ஃபியூஸையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கெட்ட மனிதர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. புருலின் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் கூட்டிப்போனவர் அவர்.

"இப்படி ஃபியூஸ் வாங்கியே நான் போண்டியாயிருவேன். வண்டைப் போடு தம்பி" என்றார்.

ஃபியூஸ் எரிந்த இடத்தில் வைத்துக் கட்டும் வெறும் கம்பிக்கு அங்கே வண்டு என்று பெயர். எர்மெக் உடனே தலையாட்டவில்லை.

"அண்ணே, ஃபியூஸ் போனா அங்கேயே நின்னுரும். வண்டு போட்டா அப்புறம் எந்த எடத்துல எரியும்னு நமக்குத் தெரியாதுண்ணே."

"எரியற எடத்துல நீ நிக்காதே" என்று சிரித்து, அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார் ஒரோஸ்பெக்.

எர்மெக் வண்டு போட்டான். ஒற்றைக் கம்பி உருகியபோது இரட்டையாகப் போட்டான், பிறகு ஓர் ஆணியையே வைத்துவிட்டான். அவனுக்கும் வேலை நிற்காமல் ஓடியது பிடித்துத்தான் இருந்தது. உன் வண்டு என் ஆட்டை விடக் கொழுத்துவிட்டது என்று புருல் கேலி செய்தாள். அவன் அதற்கும் சிரித்தான்.

முள் ஏறக் காத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை, நண்பகலில் தச்சர்களும் டயர்க்காரர்களும் தொழுகைக்குக் கிளம்பினார்கள். மற்ற பட்டறைகளில் ஒவ்வொன்றாக அணைய அணைய, இங்கே முள் சோம்பல் முறித்து எழுந்தது. எர்மெக் விதைகளைக் கொட்டிவிட்டு முகமூடியை இறக்கினான். கம்ப்ரசர் அதிர்ந்தது, நீலச் சுடர் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மேசைக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் பொறிகள் சீறி விழுந்தன, தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஈரம். முள் நன்றாக இருக்கிறதே என்று புருல் தன் ஆட்டின் வயரை மறுபடி சொருகிக்கொண்டாள். விரல்கள் விறைத்துத் தூரிகை கையில் நிற்கவில்லை.

சுருள் சுருளாக நிறைய வெட்டினான். இவ்வளவு நேரம் நிற்காமல் அந்த இயந்திரம் ஓடி அவள் பார்த்ததில்லை. திடீரென்று தலைக்கு மேல் இருந்த பல்பு வெள்ளை வெளேரென்று ஒளிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படாரென்று வெடித்தது. காலடியில் ஆடு மங்கிக் கறுத்தது. எங்கோ டேப் கருகும் நாற்றம். எர்மெக் வெட்டிய தகட்டை எடுப்பதற்காக மேசை விளிம்பில் கையுறை இல்லாத வலது கையை வைத்தவன், அப்படியே நின்றான். கண்கள் பிதுங்கியிருந்தன. பற்கள் இறுகியிருந்தன.

"போதும்டா, பல்பு போச்சு, அதைப் பாரு" என்றாள் புருல்.

அவன் விடவில்லை. அவள் இன்னொரு முறை தூரிகையைப் பூச்சில் தோய்த்தாள். அப்புறம்தான் அவன் கையிலிருந்து புகை வருவதைக் கண்டாள். கதவுச் சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த மரப்பலகை கையில் தட்டுப்பட்டது. அதை உருவி அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் அவன் மேசையிலிருந்து விடுபட்டு ஈரத்தில் விழுந்தான். சத்தமே போடவில்லை. அவள்தான் கத்தினாள், தொழுகையிலிருந்து ஆட்கள் வந்து சேரும்வரை கத்தினாள்.

பிஷ்கெக்கில் தீக்காய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். உள்ளே சதை வெந்துபோயிருக்கிறது, சிறுநீரகம் நின்றுவிட்டது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சனிக்கிழமை டாக்டர் சொன்னார். எர்மெக்கின் மனைவி குல்சுன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரோஸ்பெக்கும் அங்கேதான் நின்றார். அவர் கண்களில் நீர் வந்தது, அது நடிப்பு இல்லை. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் தங்கச்சி, நீ எதற்கும் கலங்காதே என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனார். புருல் குல்சுனோடு அங்கேயே தங்கினாள். இருவரும் ஒரே சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் கிடந்தார்கள். அவன் விளையாடுகிறான் என்று நினைத்துத் தூரிகையைத் தோய்த்த அந்த நேரத்தைப் புருல் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை நர்ஸ் வந்து, குழாயில் சிறுநீர் வந்துவிட்டது என்றாள். டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிழைத்துக்கொள்வான் என்றார். குல்சுன் அழுதாள், பிறகு சிரித்தாள்.

"அக்கா, ஒரு மனுசன் ஒண்ணுக்குப் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற பொண்டாட்டி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

சேதியை நேரில் சொல்ல வேண்டும் என்று புருல் மினிபஸ் பிடித்தாள். வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். ஆலை வாசலில் இறங்கிப் பனியில் வழுக்கி வழுக்கி ஓடினாள்.

முற்றத்தில், அந்தப் பெரிய வீட்டுக் கதவின் சட்டத்தில் ஒரு பெண்குதிரை கட்டியிருந்தது. செம்பழுப்பு நிறம், வயிறு உருண்டு கொழுத்திருந்தது. முன்னால் வைக்கோல். குதிரைக்குப் பக்கத்தில் சாக்குப் படுதா போட்டு மூடிய மாவு மூட்டைகள், மிட்டாய்ப் பெட்டிகள், தேயிலை. சுவரோரம் மடித்துக் கட்டிய கம்பளங்களும் வளைந்த மரக்கழிகளும். கூடாரம் போடும் கழிகள். அவை எதற்கு என்று அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். செத்தவனைக் கிடத்த முற்றத்தில் கூடாரம் போடுவார்கள், வருகிறவர்களுக்குக் குதிரை அடித்துச் சோறு போடுவார்கள். புருலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் பஸ்ஸில் வந்த நேரத்துக்குள் அவன் போய்விட்டானோ, போன் வந்திருக்குமோ என்று நினைத்தாள்.

ஒரோஸ்பெக் உள்ளேயிருந்து வந்தார். தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்தபடி, "எப்போ?" என்று கேட்டார்.

"பொழைச்சுட்டான். டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் புருல்.

அவர் அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார். அல்லா பெரியவன், அல்லா பெரியவன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் பார்வை மெல்ல நகர்ந்து குதிரையின் மேல் போய் நின்றது.

"இது எப்ப வாங்கினது?" என்று கேட்டாள் புருல்.

"நேத்து. டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்ட? சந்தை ஞாயித்துக்கெழம மட்டும்தான் அக்கா. அதை விட்டுட்டு வாரத்துக்கு நடுவுல போய் நின்னா, அவசரம்னு தெரிஞ்சு தலையில மொளகா அரைச்சிருவாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார், ஃபியூஸ் வாங்கியதைச் சொல்வது போல. ஞாயிற்றுக்கிழமை காலையில் எர்மெக் குழாய்களுக்கு நடுவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவளும் குல்சுனும் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இவர் சந்தையில் குதிரையின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சரி, வாங்கியது வாங்கியதுதான், இதை எர்மெக் வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்றாள் புருல். ஒற்றைக் கையோடு வீட்டுக்கு வருகிறவனுக்கு ஏதாவது வேண்டுமே.

"உசுரோட இருக்கறவனுக்கு யாரு குதிரை அடிப்பா?" ஒரோஸ்பெக் உண்மையிலேயே திகைத்துப்போய்க் கேட்டார். "செத்திருந்தா அது வேற பேச்சு. பெரியவங்களக் கூட்டிட்டுப் போயிருப்பேன், குதிரைய அடிச்சிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவங்களும் விதின்னு முடிச்சிருப்பாங்க. இப்ப நான் குதிரைய ஓட்டிட்டுப் போனா, ஊரு என்ன சொல்லும்? தப்பு என் பேர்லன்னு நானே சொன்ன மாதிரி ஆகாதா?"

"வண்டு போடச் சொன்னது நீங்கதானே. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவர் கோபப்படவில்லை. மின் அலுவலகத்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதைப் பொறுமையாகச் சொன்னார். அதிக லோடு இழுத்து, குழாய்க்குள் கம்பிகள் எல்லாம் சூடேறி, நியூட்ரலின் முறுக்கு அறுந்திருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் இயந்திரத்தின் உடம்பில் ஏறியிருக்கிறது. வண்டு யார் போட்டது என்று கேட்டார்கள், எர்மெக் போட்டான் என்று சொன்னேன், பொய்யா என்று கேட்டார்.

"எதன் வழியா ஏறுச்சுன்னும் சொன்னாங்க. உள்ள ஏதோ ஒரு ஆடு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, அது வழியாத்தான் ஏறிருக்குன்னாங்க. எங்க அந்த ஆடுன்னு கேட்டாங்க. இங்க ஆடே கிடையாதுன்னுட்டேன்." ஒரோஸ்பெக் எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான் அதைத் தூக்கி ஒளிச்சு வெச்சிருக்கேன் அக்கா. உனக்கும் பிள்ளைக இருக்குல்ல."

விரல் விறைக்கிறது என்று தான் ஆட்டின் வயரைச் சொருகியது புருலுக்கு நினைவுக்கு வந்தது. அவள் உள்ளே போய்த் தூரிகையை எடுத்தாள். அது பூச்சில் தோய்த்தபடியே கிடந்தது. அன்று அவளால் ஒரு சட்டம்கூடப் பூச முடியவில்லை.

வியாழக்கிழமை குல்சுன் வந்தாள். எர்மெக்கின் மாற்றுடுப்பும் பூட்ஸும் பட்டறை அலமாரியில் இருந்தன, அவற்றை எடுத்துப்போக வந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது. அவன் எழுந்து உட்காருகிறான், இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறான், சூப்பைத் தாடியெல்லாம் கொட்டிக்கொள்கிறான் என்று சொல்லிச் சிரித்தாள். இயந்திரம் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவள் குதிரையைப் பார்த்து நின்றாள். அதன் நெற்றியைத் தடவினாள். குதிரை அவள் கைக்குள் மூக்கை நுழைத்தது.

"ஒரோஸ்பெக் அண்ணன் வாங்கினதா? எர்மெக்குக்கா அக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். "குதிரைக்கறிச் சாறு குடுத்தா ரத்தம் ஊறும்னு டாக்டர்கூடச் சொன்னாரு. நான் எங்கே போவேன்னு இருந்தேன். வாயத் தொறந்து ஒண்ணுமே கேக்கலக்கா அவருகிட்ட. அவராவே செஞ்சிருக்காரு."

புருலுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் குதிரையின் கழுத்தில் இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"எர்மெக்குக்குத்தான் வாங்கினாரு. அவன் சாவுக்கு."

குல்சுன் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை போலிருந்தது. மாவு மூட்டைகளையும், சுவரோரம் இருந்த கழிகளையும், கம்பளங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவன் பொழைச்சுட்டான்னு நீ அவருகிட்டச் சொல்லலயா?"

"சொன்னேன். அதான் திருப்பி அனுப்புறாங்க."

லாரி பின்பக்கமாக முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தது. குதிரையை விற்றவன் கொஞ்சம் குறைத்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டிருந்தான். டிரைவர் பலகையைச் சாய்த்து வைத்து, ஒதுங்கும்மா என்றான். குல்சுன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். குதிரை முரண்டு பிடித்தது, வழுக்கியது, பிறகு ஏறிவிட்டது. லாரி திரும்பிப் போனபின் குல்சுன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். உள்ளங்கையை மட்டும் பாவாடையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அதே லாரி பிஷ்கெக்கிலிருந்து கேபிளோடு வந்தது. கறுப்புத் தோல் போர்த்திய தாமிரக் கேபிள், பெரிய சுருளாக. தரையில் அடிக்க எர்த் கம்பியும் வந்திருந்தது. மின் அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது என்று ஒரோஸ்பெக் சொன்னார். எர்மெக்கின் இடத்துக்குப் புதிய ஆள் அன்று காலையிலேயே சேர்ந்திருந்தான். அவன் இயந்திரத்தின் பின்பக்கத் தகட்டைக் குனிந்து படித்துவிட்டு, நாற்பது ஆம்பியர், இந்தக் கேபிள் தாராளமாகத் தாங்கும் என்றான்.

சுருளைக் குதிரை கட்டியிருந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வைக்கோலும் சாணமும் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தன. கொஞ்சம் பிடி அக்கா, உள்ளே கொண்டுபோகலாம் என்றார் ஒரோஸ்பெக். புருல் பிடிப்பதற்குள் புதிய ஆள் வந்து, இரண்டு கைகளாலும் அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.